விடையை அல்ல, ஆதாரத்தை எழுதிவையுங்கள்

பேரூராட்சியாக இருந்த திருநின்றவூர் 2021-ஆம் ஆண்டு நகராட்சியாக உயர்ந்தது. அதற்கடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழகம் முழுவதற்குமாகச் சொத்துவரிச் சீராய்வும் வந்து சேர்ந்தது. நகராட்சிகளில் உள்ள குடியிருப்புக் கட்டடங்களில் 600 சதுர அடி வரை உள்ளவற்றுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் என்ற விகிதத்தில் வரி உயரும் என்பது அதன் சாரம். இந்த உயர்வு நியாயமானதா, தாங்கக்கூடியதா என்று எங்கும் விவாதம் நடந்தது. நடக்கவேண்டிய விவாதமே அது. ஆனால் உத்தரவு எழுதிய கணத்திலேயே அதற்குள் மறைந்து நின்ற ஒரு நம்பிக்கையை எவரும் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டின் பரப்பளவும் ஏட்டில் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே அந்த நம்பிக்கை. பரப்பளவு எழுதப்பட்டிருந்தால் இந்த உத்தரவை மட்டுமல்ல, இனி வரப்போகும் எந்த உத்தரவையும் ஒரே வரியில் கணக்கிட்டுவிடலாம்; அரையாண்டு வரி இத்தனை ரூபாய் என்று விடை மட்டும் எழுதப்பட்டு, அந்த விடை பிறந்த அளவு எழுதப்படாமல் விட்டிருந்தால், நாடாவை எடுத்துக்கொண்டு வீடுவீடாக மீண்டும் போவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

அரசாங்க ஏடுகளில் உள்ள எண்கள் இருவகைப்படும். கண்டும் அளந்தும் விசாரித்தும் அறிந்த எண்கள் ஒருவகை: வீட்டின் பரப்பு, மின்மீட்டரின் ரீடிங், ஒருவர் பிறந்த தேதி, மாணவர் பெற்ற மதிப்பெண். அவற்றிலிருந்து பெருக்கியும் கழித்தும் பெறப்படும் எண்கள் மற்றொரு வகை: வரி, யூனிட், வயது, கட்-ஆஃப். முதல் வகையை எழுதிவைக்கவேண்டும்; இரண்டாம் வகையைக் கேட்கும்போது கணக்கிட்டுக் கொள்ளவேண்டும். தரவுத்தளத் தொழிலில் இருப்போர் இந்த இரண்டாம் வகையைக் கணக்கீட்டுப் புலம் என்பார்கள். கணினியிடம் வினவும்போது, எழுதியிருப்பதை எடுத்துக்காட்டு என்று மட்டும் சொல்லாமல், இந்த ரீடிங்கிலிருந்து முந்தைய ரீடிங்கைக் கழித்து அதற்கு யூனிட் என்று பெயரிட்டுக் காட்டு என்றும் சொல்லலாம். அப்போது யூனிட் என்றொரு பத்தி நம் கண்முன் வருகிறது; ஆனால் கணினியின் வட்டில் எங்கும் அது எழுதப்பட்டிருப்பதில்லை. கல்லும் மரமும் இன்றி மனத்தினாலேயே ஆலயம் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊராகிய திருநின்றவூரில் வாழும் நமக்கு, எங்கும் வைக்கப்படாத ஒன்று மெய்யாக இருக்கமுடியும் என்பதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இது புதிய சித்தாந்தம் அன்று. 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று வங்கி முதல் ரயில் முன்பதிவு வரை உலகத்தின் கணக்குகள் பெரும்பாலும் நடப்பது அவர் வகுத்த வழியில்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறமுடியும் என்றால் அவ்விரண்டையும் ஒருங்கே வைத்திருப்பதனால் முரண்பாடு நேரக்கூடும் என்ற விஷயத்தை அந்தக் கட்டுரையிலேயே அவர் ஆராய்ந்திருக்கிறார். ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதினால், ஓர் இடத்தில் திருத்தி மற்றோர் இடத்தில் திருத்த மறப்பது மனித சுபாவம். மறந்த பிறகு எது மெய், எது பழையது என்று அந்த ஏடே சொல்லமுடியாது.

நம் முன்னோரும் இந்த வேற்றுமையை அனுபவத்தில் கடைப்பிடித்தவர்களே. வாய்பாட்டு நூலான எண்சுவடி, விடைகளைத் தொகுத்து வைத்தது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமோ விடைகளைத் தொகுக்கவில்லை. நிலத்தை எப்படி அளப்பது, நெல்லை எப்படிக் கணக்கிடுவது என்ற விதிகளைத் தந்தது. எண்சுவடி விடைகளைச் சேமித்ததில் தவறில்லை, ஏனெனில் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது எந்த அரசன் மாறினாலும் மாறாது. ஒருவருடைய வயலின் பரப்பும், அதன் விளைச்சலும், அதற்குரிய வரியும் மாறிக்கொண்டே இருப்பவை. அங்கே விதிதான் தேவை. எந்த விடை என்றும் மாறாததோ அதைச் சேமிக்கலாம். எது மாறுமோ அதன் ஆதாரத்தையும் விதியையும் சேமிக்கவேண்டும்.

வயதை எடுத்துக்கொள்வோம். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-ஆம் ஆண்டு வாக்காளர் அடையாள அட்டை அறிமுகமாயிற்று. பழைய அட்டைகளில் வயது என்று வெறுமனே போடாமல், இன்ன ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று வயது இத்தனை என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அந்த ஒரு தேதி இருப்பதனால்தான் அட்டை முப்பது ஆண்டு கழிந்தும் பொய்யாகவில்லை. தேதியில்லாமல் எழுதிய வயது மறு ஆண்டே பொய்யாகிவிடும். பிறந்த தேதியை எழுதிவைத்தாலோ எந்த நாளிலும் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் வாக்காளராவதற்குரிய தகுதி நாட்களாக உள்ளன. ஒரே ஆண்டில் நான்கு முறை கேட்கப்படும் கேள்விக்கு ஒரே முறை எழுதிவைத்த விடை எப்படிப் பொருந்தும்?

ஆனால் கணக்கிட்டால் மட்டும் போதாது, சரியாகக் கணக்கிடவேண்டும். நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து வயது என்று சொல்லும் சோம்பல் விதி ஒன்று எங்கும் புழங்குகிறது. 2008 டிசம்பர் 31 அன்று பிறந்த ஒருவருக்கு, 2026 ஜனவரி முதல் தேதியன்று அந்த விதி 18 வயது என்று சொல்லும். உண்மையில் அவருக்கு 17 ஆண்டும் ஒரு நாளும்தான் ஆகியிருக்கும். ஆகவே விதியும் மற்றவர் கண்முன் வைத்துச் சோதிக்கப்படவேண்டிய பொருளே.

பொறியியல் கலந்தாய்வு இதற்குச் சிறந்த உதாரணம். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவது தமிழ்நாட்டில் பெற்றோர் எல்லாரும் அறிந்ததே. 2018 வரை பிளஸ் டூ தேர்வில் பாடத்திற்கு 200 மதிப்பெண் இருந்தது. 2019 முதல் 100 ஆயிற்று. மதிப்பெண்ணைத் தனியே வைத்திருந்தவர்கள் விதியை மட்டும் மாற்றினால் போதும். ஒரு மாணவி இயற்பியலில் 97, வேதியியலில் 95 வாங்கியிருக்கிறாள் என்று கொள்வோம். பாதியாக்கினால் 48.5-ம் 47.5-ம் வரவேண்டும். பல தரவுத்தள மென்பொருள்களில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் கழிந்து 48, 47 என்றே விடை வரும்; வினவல் எழுதுபவர் இரண்டு என்பதற்குப் பதிலாக இரண்டு புள்ளி பூஜ்யம் என்று எழுதினால்தான் அரை மதிப்பெண்கள் பிழைக்கும். கவனியாது விட்டால் அந்த மாணவி ஒரு முழு மதிப்பெண்ணை இழப்பாள். கட்-ஆஃபில் ஒரு மதிப்பெண் என்பது தரவரிசையில் எவ்வளவு தூரம் என்பதை, கலந்தாய்வுக்குக் காத்திருந்த எந்தக் குடும்பமும் சொல்லும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் உயர்ந்தால் கட்-ஆஃபும் தானே உயரவேண்டும். அது தனிப் புலமாக எழுதப்பட்டிருந்தால், யாரேனும் ஞாபகமாகத் திருத்தினாலன்றி உயராது.

அதே கலந்தாய்வில் இதற்கு மாறான நியாயமும் இருக்கிறது. எல்லா வகையிலும் சமமாக நிற்கும் இருவரைப் பிரிக்கக் கடைசியாகப் பயன்படுவது கணினி ஒதுக்கிய ரேண்டம் எண். இந்த எண் எதிலிருந்தும் கணக்கிடப்படுவதன்று; மறுபடி கேட்டால் மறுபடி வேறொன்று வரும். ஆதலால் ஒருமுறை பிறந்தவுடனே அதை எழுதிப் பூட்டிவைக்கவேண்டும். மீண்டும் கணக்கிட்டால் அதே விடை வருமா என்று கேட்டுப் பார்ப்பதே, சேமிக்கவேண்டியது எது, வேண்டாதது எது என்று தீர்மானிக்கும் உரைகல்.

மின்கட்டணத்தில் இந்த நுட்பம் நேரே பணமாக வெளிப்படுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழித்த வீடு, முதல் 100 யூனிட் இலவசம் போக, 1,725 ரூபாய் கட்டவேண்டியிருந்தது. 501 யூனிட் என்றால் வேறு விகிதப்பட்டியலுக்குப் போய்விடுவதால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வேற்றுமை. இன்னொன்றையும் நோக்குவோம். வீடு பூட்டியிருந்தது, ரீடிங் எடுக்கவில்லை; ‘டோர் லாக்’ என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த முறை வந்தபோது நான்கு மாதத்திற்கும் சேர்த்து 800 யூனிட் காட்டுகிறது. இரண்டு தவணைகளுக்கு 400, 400 என்று பிரித்தால், அதே விகிதப்படி கட்டணம் 1,125 வீதம் 2,250 ரூபாய். முதல் தவணையில் செலவே இல்லை என்று கொண்டு 800-ஐயும் ஒரே தவணையில் ஏற்றினால் 4,550 ரூபாய். அளக்கப்படவில்லை என்பது வேறு, அளந்ததில் பூஜ்யம் என்பது வேறு. தரவுத்தளத்தில் அளக்கப்படாத புலத்தை வெற்றாக விட்டால், அதனோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் விடையும் வெற்றாகவே வரும். இங்கே ஒரு குறை இருக்கிறது, மனிதர் பார்க்கவேண்டும் என்று அது அறிவிக்கிறது. சௌகரியத்துக்காக அந்த வெற்றிடத்தில் பூஜ்யத்தை இட்டு நிரப்புகிறவர், அந்த அறிவிப்பை அடைத்துவிடுகிறார்.

இனி ஆட்சேபங்களைப் பார்ப்போம். லட்சக்கணக்கான வரிசைகளுக்கு ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் தாமதமாகாதா என்பது ஒன்று. நியாயமான கேள்வி, அதற்கு விடையும் கிடைத்திருக்கிறது. மை.எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மென்பொருளின் 2015-இல் வந்த பதிப்பிலும், போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொன்றின் 2019-இல் வந்த பதிப்பிலும், விதியை அட்டவணையிலேயே எழுதிவிட்டால் விடையைத் தாமே கணக்கிட்டுச் சேமித்து, மூலம் மாறும்போது தாமே திருத்திக்கொள்ளும் புலங்கள் இடம்பெற்றன. விடை சேமிக்கப்படுகிறது; ஆனால் மனிதக் கை அதைத் தொடமுடியாது. வேகமும் கிடைக்கிறது, முரண்பாடும் நீங்குகிறது.

மற்றோர் ஆட்சேபம் இதைவிட ஆழமானது. கட்டண விகிதம் 2023-இலும் 2024-இலும் மறுபடி மாறியது. 2022-ஆம் ஆண்டு பில்லை இன்றைய விகிதத்தில் கணக்கிட்டால் பிழையல்லவா? பிழையே. அதனால்தான் ஒரு பில் வழங்கப்பட்டவுடன், அதில் கண்ட தொகை கணக்கீடு என்ற நிலையைக் கடந்து, அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே நடந்த ஒரு சம்பவம் ஆகிவிடுகிறது. சம்பவத்தை எழுதித்தான் வைக்கவேண்டும். அதோடு, எந்த விகிதம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அமலில் இருந்தது என்பதையும் தனி அட்டவணையாக வைத்திருந்தால், பத்தாண்டு கழித்தும் அந்தப் பழைய தொகையைத் திரும்பக் கணக்கிட்டு, அன்று வழங்கியது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுதிய தொகையும் கணக்கிட்ட தொகையும் அங்கே ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கும்.

இவ்வளவும் கணினி வல்லுநர்களின் உள்விவகாரம் என்று பொதுமக்கள் ஒதுங்கியிருக்கலாகாது. ஒரு குடிமகனுக்கு அரசாங்கம் அனுப்பும் எண் பெரும்பாலும் கணக்கிடப்பட்ட எண்தான். அந்தக் கணக்கு அவனுக்குக் காட்டப்படவில்லையானால், அவன் அதை ஏற்கலாம் அல்லது முறையிடலாம், சரிபார்க்கமட்டும் முடியாது. தகவல் அறியும் உரிமைக்கு 1997-இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்கு அம்முடிவின் காரணங்களைத் தரவேண்டும் என்று நான்காம் பிரிவிலேயே கூறுகிறது. வரி இவ்வளவு என்பது ஒரு முடிவு. பரப்பளவும், விகிதமும், அவற்றைப் பெருக்கிய விதியும் அந்த முடிவின் காரணங்கள் அல்லாமல் வேறென்ன?

ஆகவே என் அபிப்பிராயம் இது. சொத்துவரிக் கேட்பு அறிவிப்பாயினும், மின்கட்டண பில்லாயினும், கட்-ஆஃப் பட்டியலாயினும், கணக்கிட்டுப் பெற்ற ஒவ்வோர் எண்ணின் அருகிலும் நான்கு விவரங்கள் அச்சிடப்படவேண்டும்: எந்த மூல எண்களிலிருந்து பெறப்பட்டது, எந்த விதியால் பெறப்பட்டது, அந்த விதி எந்த உத்தரவின்படி அமலில் உள்ளது, எந்தத் தேதியில் கணக்கிடப்பட்டது. 1,200 சதுர அடிக்கும் 1,201-க்கும் இடையே 25 சதவீத வேற்றுமை இருக்கும்போது, 1,200.5 சதுர அடி வீட்டை எந்தப் பக்கம் சேர்த்தார்கள் என்பதையும் அந்த விதி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. கணக்கிடும் வினவலே மூல எண்களையும் அறிந்திருக்கிறது. அவற்றையும் சேர்த்துக் காட்டு என்று இன்னும் சில சொற்களை அதில் எழுதினால் போதும். அண்மையில் நகராட்சியான ஊர்களுக்குப் பழைய வழக்கங்களின் பாரம் குறைவு. ஆதலால் திருநின்றவூர் போன்ற ஊர்களிலேயே இதைத் தொடங்கலாம். வரும் அரையாண்டு அறிவிப்பில் தொகைக்கு மேலே தன் வீட்டின் பரப்பளவைக் காணும் ஒருவர், அதில் தவறு இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்வார். ஆதாரம் ஒருமுறை திருந்திவிட்டால், அதிலிருந்து பிறக்கும் எல்லா விடைகளும் கூடவே திருந்தும்.