புலிக்கு மேலே ஒரு குடை

பொழிச்சலூரில் நான் குடியிருக்கும் தெருமுனையில் போன மாதம் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். சாதிச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவாம். கேடய வடிவத்துக்குள் புலி, வில், மீன், இருபுறமும் சிங்கம், கீழே 'ஆண்ட பரம்பரை'. அதே படம் பைக்குகளில் ஸ்டிக்கராக ஓடுகிறது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கைக்கயிற்றில் டாலராகக் கட்டியிருந்தான். "என்ன தம்பி இது?" என்றேன். "எங்க தாத்தாங்களோட சின்னம்ணா" என்றான்.

முதலில் அந்தக் கேடயம். தமிழ் மன்னர்களுக்குக் கொடியும் முத்திரையும் இருந்தன. கேடயத்துக்குள் விலங்கை அடைத்து இருபுறமும் காவல் நிறுத்துவது ஐரோப்பியப் பிரபுக்களின் வழக்கம். 1877 டெல்லி தர்பாரில் லிட்டன் பிரபு சமஸ்தான மன்னர்களுக்குப் பட்டுக் கொடிகள் வழங்கினார். அவற்றுக்கான சின்னங்களை ஐரோப்பிய முறையில் வரைந்தவர் வங்காளத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ராபர்ட் டெய்லர். ஆண்ட பரம்பரைக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவன் வெள்ளைக்காரன்.

உள்ளே இருப்பவை பழையவைதான். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு ராஜேந்திர சோழனுடையது. அதன் முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. கூடவே இரண்டு மீன், ஒரு வில். இது மூவேந்தர் ஒற்றுமை அல்ல. பாண்டியனும் சேரனும் எனக்கு அடக்கம் என்ற அறிவிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே சாமரங்களும் ஒரு குடையும்.

அந்தக் குடையை விட்டு என்னால் நகர முடியவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க நகை கூடாது, சட்டை கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பதும் உண்டு. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். என் பாட்டி ஊர்த்தெரு வந்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தே நடந்தவர்.

ஒடுக்கப்பட்டவர்களின் சங்கங்கள் சிலவும் இன்று 'நாங்களும் ஆண்டவர்களே' என்று இதே சின்னங்களைத் தூக்குகின்றன. அந்த ஏக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆய்வில் சேர்ந்த புதிதில், எங்கள் சேரிக்கும் ஒரு அரசன் அகப்படமாட்டானா என்று கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டியவன்தான் நானும். தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டில் எனக்கு அகப்பட்டவை 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற பெயர்கள். வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் வருகின்றன. கோயில் கட்டியவனின் புகழ் பாடும் மேடைகளில் அந்த வரிகளை யாரும் வாசிப்பதில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்யும்படி 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பிள்ளைகளின் கயிற்றைக் கழற்றச் சொல்லுங்கள், சரி. தெருமுனையில் பிளெக்ஸ் கட்டும் பெரியவர்களை யார் கேட்பது?

அந்தத் தம்பி இன்னொரு நாள் மாட்டுவான். செப்பேட்டு முத்திரையின் படம் என் போனில் இருக்கிறது. உன் தாத்தா இந்தக் குடைக்குக் கீழே நின்றாரா, இல்லை குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாரா என்று கேட்க வேண்டும்.