கட்டியைத் தேடும் மருந்தும் மடியைத் தேடும் கம்பெனியும்

“ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறோம், ஆகவேதான் மருந்து விலை ஏறுகிறது” - உலகத்துப் பெரிய மருந்துக் கம்பெனிகள் ஓயாமல் பாடும் பல்லவி இது. முதலாளித்துவப் பத்திரிகைகள் இதற்குப் பின்பாட்டுப் பாடுகின்றன. கொட்டியது யார், அள்ளியது யார் என்று ஒரே ஒரு மருந்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அதன் பெயர் லூட்டாதெரா.

புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கடும் மருந்து, வயலின் ஒரு மூலையில் பூச்சி விழுந்ததற்காக வயல் முழுவதும் விஷம் தெளிப்பதைப் போன்றது. பூச்சியும் சாகும், பயிரும் கருகும். தலைமயிர் கொட்டுவதும் வாந்தியும் ரத்தம் குன்றுவதும் இதனால்தான். மருந்தை நேரே கட்டிக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வழியுண்டா என்று விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். கண்ட வழிகளில் ஒன்று பெப்டைடு. அதாவது, புரதத்தின் சிறு துண்டு. நம் உடலிலேயே சோமாட்டோஸ்டாட்டின் என்று 14 கண்ணிகள் கோத்த ஒரு பெப்டைடு சுரக்கிறது. குடலிலும் கணையத்திலும் வரும் சிலவகைக் கட்டிகளின் மேல், இதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் ஏராளம். ஆனால் இயற்கைச் சரக்கு ரத்தத்தில் சில நிமிஷங்களில் சிதைந்துவிடும். ஆகவே 8 கண்ணிகளில் உறுதியான நகல் ஒன்றைச் செய்து, அதனோடு லூட்டேஷியம்-177 என்ற கதிர்வீச்சுப் பொருளைப் பிணைத்தார்கள். ரத்தத்தில் ஏற்றினால் அது கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. கட்டியைச் சுடும் அதன் கதிர் சுமார் இரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்கு மேல் பாயாது. சுட்டெரிப்பதெல்லாம் பெரும்பாலும் கட்டியைத்தான்.

229 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-இல் வெளிவந்தது. பழைய மருந்தை மட்டும் இரட்டிப்பு அளவில் பெற்றவர்களில், 20 மாதத்துக்குப் பின்னும் நோய் வளராமல் நின்றது நூற்றுக்கு 11 பேருக்கு. புதிய மருந்து பெற்றவர்களில் 65 பேருக்கு. பூரண குணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இதை அற்பம் என்று யார் சொல்ல முடியும்?

இனி வரவு செலவுக்கு வருவோம். இந்தச் சிகிச்சையை வளர்த்தெடுத்தது ஹாலந்தில் ரோட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. ஜனங்களின் பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் அது. 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே தாங்களே தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். பிறகு ஏ.ஏ.ஏ. என்ற கம்பெனி நுழைந்தது. மேற்படி சோதனைக்கு அது பணம் போட்டது உண்மைதான், மறைப்பானேன்? ஆனால் 2016-இல் லூட்டேஷியம் சப்ளை செய்யும் டச்சுக் கம்பெனியையும் அதுவே விலைக்கு வாங்கியது. அரிய வியாதிக்கான மருந்து என்ற பெயரில், ஐரோப்பியச் சட்டம் 10 வருஷ ஏகபோக உரிமை வழங்கியது. 2018-இல் ஸ்விட்சர்லாந்து நோவார்ட்டிஸ் கம்பெனி, ஏ.ஏ.ஏ.யை 390 கோடி டாலருக்கு அப்படியே விழுங்கியது.

ஆஸ்பத்திரி சுமார் 16,000 யூரோவுக்குச் செய்துவந்த சிகிச்சை 90,000 யூரோவுக்கு மேல் போயிற்று. அமெரிக்காவில் 2018-இல் ஒரு வேளை மருந்து 47,500 டாலருக்கு விற்றது. நாலு வேளைக்கு 1,90,000! பெப்டைடு அதேதான், லூட்டேஷியமும் அதேதான். புதிதாகச் சேர்ந்த சரக்கு முத்திரை ஒன்றுதான். கடைசியில் ரோட்டர்டாம் ஆஸ்பத்திரிக்காரர்கள், பழையபடி நாங்களே தயாரிக்கிறோம் என்று கிளம்பினார்கள். சபாஷ்!

ஏகபோகம் இல்லாவிட்டால் சப்ளை நின்றுவிடும் என்று மிரட்டுகிறார்களே, அதையும் பார்த்தாயிற்று. மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து அனுப்புவது இன்னொரு வழி. குமிழியின் பருமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. நானோத் துகள் என்பது இதுதான். இப்படிச் செய்த டாக்ஸில் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருதயத்துக்கு வரும் கேடு இதில் குறைவு. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனிக்காக இதை ஒஹையோ மாகாணத்தில் ஒரே ஒரு தொழிற்சாலை செய்து கொடுத்தது. 2011-இல் அங்கே உற்பத்தி நின்றது. பணக்கார அமெரிக்காவில் புற்றுநோயாளிகள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள்! 2012 பிப்ரவரியில் அமெரிக்க சர்க்கார் எங்கே கையேந்தியது தெரியுமா? இந்தியாவில். சன் பார்மாவின் லிப்போடாக்ஸ் கப்பலேறியது. சன் பார்மாவும் முதலாளிதான், தர்மசத்திரம் அல்ல. ஆயினும் அந்தச் சரக்கைச் செய்த கை நம் தொழிலாளியின் கை.

லூட்டேஷியத்துக்கும் நாம் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. டிராம்பேயில் பொதுத்துறை அணு உலையான துருவாவில் நம் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் அதைத் தயாரிக்கிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. எங்கே? பெரும்பாலும் பெருநகரங்களில். தனி வார்டு, கதிர்வீச்சுக் கழிவைத் தேக்கிவைக்கத் தனித் தொட்டி எல்லாம் வேண்டும். நாற்று நடும் பெண்ணுக்குக் கட்டி வந்தால், ஜில்லா தலைநகரில் இது கிடைக்குமா?

சட்டத்தில் இடமில்லை என்று டில்லி கைவிரிக்க முடியாது. 2012 மார்ச்சில் பேயர் கம்பெனியின் நெக்ஸவார் மருந்துக்குக் கட்டாய லைசென்ஸ் பிறந்தது. மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்றதை, நாட்கோ 8,880 ரூபாய்க்கு விற்றது. பேயர் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 2014-இல் தோற்றுத் திரும்பியது. அந்த ஒரு லைசென்ஸோடு சர்க்காரின் பேனா மை வற்றிவிட்டது. பின்வந்த பத்தாண்டில் அதே 84-ஆம் பிரிவின் கீழ் இரண்டாவது லைசென்ஸ் வரவில்லை. அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், ஆலைவாசலிலும் களத்துமேட்டிலும் இந்த 84-ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள், தோழர்களே! நம் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அந்த வார்டு எந்த வருஷம் வரும் என்றும் கேளுங்கள்.