படம் யாருக்காக?

தந்தி என்னும் சொல்லைக் கேட்டதும் நெஞ்சு திடுக்கிட்ட தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. தந்திச் சேவகன் படலையிற் சைக்கிளை நிறுத்தினால், தாளைப் பிரிக்குமுன்னரே அடுக்களையில் அழுகை தொடங்கிவிடும். அந்தத் தந்தியின் ஆங்கிலப் பெயரிற் பாதியையும், எடுத்தவுடன் படம் தரும் கமராவின் பெயரிற் பாதியையும் ஒட்டிப் பிறந்ததே ‘இன்ஸ்டகிராம்’ என்னும் பெயர். ‘உடன்தந்தி’ என்று நாம் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் பழைய தந்திச் சேவை மூடப்பட்டது. அவ்வேளையில் இந்தப் புதிய தந்தி உலகெங்கும் படர்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறப்பு வளர்ப்பைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். கெவின் சிஸ்ட்ரொம், மைக் கிரீகர் என்னும் இரு இளைஞர்கள் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி இதனை வெளியிட்டனர். முதல் நாளில் 25,000 பேர் சேர்ந்தனர். மூன்று மாதத்துள் 10 இலட்சம் பேர் ஆயினர். 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் பேஸ்புக் நிறுவனம் 100 கோடி டொலர் பேசி இதனை வாங்கியபோது இங்கே வேலை செய்தோர் 13 பேரே. 2018இல் நிறுவியவர் இருவரும் விலகிச் சென்றனர். 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில், மாதந்தோறும் இதனைப் பயன்படுத்துவோர் 300 கோடியைத் தொட்டனர் என்று நிறுவனம் அறிவித்தது. பதினைந்து ஆண்டுகளுள் உலக மக்களில் மூவருக்கு ஒருவரை அது எட்டிவிட்டது.

வளர்ச்சிக்குக் காரணம் என்ன? படம் எடுப்பதும், அழகுபடுத்துவதும், அனுப்புவதும் மூன்று தொழில்களாக இருந்தன. அவை மூன்றையும் ஒரு விரல் நுனியில் அது கொண்டுவந்தது, அவ்வளவே. முன்னாளில் ஒரு குடும்பம் படம் எடுப்பதென்றால் அது ஒரு நாள் வேலை. கரையோரக் கிராமங்களிலிருந்து மன்னார்ப் பட்டினத்துக்குப் பேருந்தேறிப் போக வேண்டும். ஸ்ரூடியோவில் சீப்பும் பவுடரும் இருக்கும். பின்னால் தொங்கும் திரையில் ஒருவரும் கண்டிராத ஒரு மாளிகைப் படிக்கட்டு வரையப்பட்டிருக்கும். ‘சிரியாதே’ என்று அப்பா சொல்வார். ‘கொஞ்சம் சிரியுங்கோ’ என்று படம் பிடிப்பவர் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட முகங்களே நம் வீட்டுச் சுவர்களில் இருந்தன. பிற்காலத்தில் கமரா வைத்திருந்தோர்க்கும் ஒரு சுருளுக்கு 36 படங்கள்தாம். ஆகவே ஒவ்வொரு படமும் ஒருவருக்காகவே எடுக்கப்பட்டது. பெண் பார்க்க வருவோர்க்கு ஒன்று. பிரான்சிலோ கனடாவிலோ இருக்கும் தமையனுக்கு ஒன்று. சுவரில் மாட்ட ஒன்று. அதன் பின்புறத்தில் மையினாற் பெயரும் திகதியும் எழுதி, இன்னாருக்கு என்று குறித்து அனுப்பினர்.

அப்படி எடுத்த ஒரு படத்தின் பெறுமதி யாதென்று விடத்தல்தீவுக்காரருக்கு விளக்க வேண்டுவதில்லை. பெயரில் தீவு இருப்பினும் அது தீவன்று. மன்னார்ப் பெருநிலத்தின் கரையிற் கண்டற்காட்டை அணைத்துக் கிடக்கும் மீனவர் ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர் முஸ்லிம்களும் கையில் அகப்பட்டதோடு புத்தளத்துப் பக்கம் போயினர். பின்னர் மற்றவர்களின் முறை வந்தது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஊர் இராணுவத்தின் கைக்கு வந்தது. ஊரவர் கிழக்கே ஓடி, ஒவ்வோர் இடத்திலும் தறப்பாளைக் கட்டி அவிழ்த்து, 2009இல் செட்டிகுளம் முகாம்களில் ஒதுங்கினர். அரிசி, தறப்பாள், தண்ணீர்க் கலன் என்று தூக்கிய கைகளிற் படத்தொகுதிக்கு இடம் இருந்ததா? மூன்று தலைமுறையின் முகங்கள் வழியில் நனைந்தும் எரிந்தும் போயின. தாத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, ‘உன்னுடைய சித்தப்பாவைப் போல’ என்று கைகாட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத வீடுகள் இன்றும் உள்ளன.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கிளிநொச்சி வீதியோரத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்தம் மடியில் இருந்தவை படங்கள். அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை சில. யாரோ ஒருவரின் கலியாணக் கூட்டத்திலிருந்து முகத்தை மாத்திரம் வெட்டியெடுத்தவை சில. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டே அவர்கள் ஆண்டுக்கணக்காக மழையிலும் வெயிலிலும் அமர்ந்தனர்.

இத்தகைய மண்ணில் இப்பொழுது படம் வெள்ளமாகப் பாய்கின்றது. இதில் நன்மையே இல்லை என்று சொல்பவர் பொறாமைக்காரர் என்றே நாம் கொள்வோம். ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளை விடத்தல்தீவு இறங்குதுறையைக் காலையில் எழுந்ததும் காண்கிறான். புத்தளத்தில் மூப்படைந்த ஒருவர், தாம் பிறந்த ஒழுங்கையின் இன்றைய கோலத்தைக் கைத்தொலைபேசியில் விரித்துப் பார்க்கலாம். மன்னார் என்றதும் குண்டும் அகதியும் என்று அறிந்திருந்த வெளியுலகம், இன்று பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் பூநாரைக் கூட்டத்தையும் அறிகின்றது. 2016ஆம் ஆண்டில் விடத்தல்தீவைச் சூழ்ந்த ஏறத்தாழ 29,000 ஹெக்டேயர் பரப்பு இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அதில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வெளிவந்தபோது, சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. கண்டலும் கடற்புல்லும் என்னவென்று நாட்டின் மறுகோடியில் இருப்பவனும் கண்ணாற் காண முடிந்த காலத்தில் அவ்வழக்கு எழுந்தது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தி மயங்கும் கரையில் தோணி நிற்கும் படத்துக்கு ஆயிரம் பேர் மகிழ்கின்றனர். அந்தத் தோணிக்காரனின் வலையை இழுவைப் படகு அறுத்துச் சென்ற செய்தி அப்படத்தின் சட்டத்துக்குள் வருவதில்லை.

நிற்க. நம் கவலை பறவையைப் பற்றியதன்று, பிள்ளைகளைப் பற்றியது.

எம்மிடம் படிக்கும் மாணவி ஒருத்தி ஒருநாள் வாடிய முகத்தோடு இருந்தாள். காரணம் கேட்டோம். “ஒரு படம் போட்டேன், சேர். இருநூறு லைக் வரும் என்று நினைத்தேன். நாற்பதுதான் வந்தது. அழித்துவிட்டேன்” என்றாள்.

“படத்தில் யார் இருந்தது, பிள்ளை?”

“நானும் அம்மம்மாவும், சேர்.”

‘லைக்’ என்பது படத்தைப் பார்த்தவர் விரும்பினால் அழுத்தும் சிறு இதயக்குறி. அதன் தொகை படத்தின் கீழே நிற்கும். நாற்பது பேர் ஒரு படத்தைப் பார்த்து மகிழ்ந்தமை, நம் ஊர்க் கணக்கில் ஒரு கலியாண வீட்டுப் பந்திக்குச் சமம். ஆனால் அச்சிறுமிக்கு அது தோல்வி. மேலும், அந்த இருநூறு பேரும் படத்தைக் கண்டார்களா என்பதே ஐயம். 2016ஆம் ஆண்டு வரை படங்கள் இடப்பட்ட நேர வரிசையிலே தோன்றின. அதன்பின், எவருக்கு எது முதலிற் காட்டப்பட வேண்டும் என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்கின்றது. பார்ப்பவரை எது அதிக நேரம் பிடித்து வைக்குமோ அது முன்னே வரும். ஏனெனில் அந்த நேரமே விளம்பரக்காரருக்கு விற்கப்படும் சரக்கு. 2020இல் ‘ரீல்ஸ்’ என்னும் குறும்படங்கள் வந்தபின், முன்பின் அறியாதோரின் ஆட்டமும் பாட்டுமே பெரிதும் முன்னே வருகின்றன. அம்மம்மாவின் சுருங்கிய முகம் அந்தப் போட்டியில் எங்கே நிற்கும்? இதனைப் பிள்ளை அறியாள். தன் முகத்துக்கே பிறர் குறைந்த புள்ளி இட்டார்கள் என்று எண்ணுகிறாள்.

இது நம் ஊர்ப் பிள்ளையின் பேதைமை அன்று. பிரித்தானியாவில் 2017ஆம் ஆண்டு, 14 முதல் 24 வயது வரையான 1,479 பேரிடம் பொதுச் சுகாதாரச் சங்கம் ஒன்று வினவியது. ஐந்து சமூக ஊடகங்களுள் இளையோர் மனநலத்துக்கு மிகுந்த தீங்கு செய்வதாக இன்ஸ்டகிராமே கடைசி இடம் பெற்றது. 2021இல் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களை அங்கு வேலை செய்த பிரான்சிஸ் ஹோகன் என்னும் பெண்மணி வெளிக்கொணர்ந்தார். தம் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த வேளையில் இன்ஸ்டகிராம் அந்நோவைக் கூட்டியது என்று பதின்பருவப் பெண்களில் 32 வீதத்தினர் கூறியமை அவற்றுள் இருந்தது. நிறுவனம், தன் ஆய்வு திரித்துக் கூறப்பட்டது என்றது. எனினும் அதே ஆண்டில், விரும்பியவர் இதயக்குறித் தொகையை மறைத்துக்கொள்ளும் வசதியையும் தந்தது. அம்மாணவிக்கு அதனைக் காட்டிக் கொடுத்தோம். பயன்படுத்துகிறாளா என்று விசாரிக்கவில்லை. அது அவள் காரியம்.

அவுஸ்திரேலியா 2025ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி முதல் 16 வயதுக்குட்பட்டோருக்கு இவ்வூடகங்களிற் கணக்கு இருத்தலாகாது என்று சட்டஞ் செய்தது. நம் வீடுகளிலோ சட்டம் வேறு விதம்: ஆண்பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கும், பெண்பிள்ளையின் கையிலிருந்து பறிக்கப்படும். அவளுடைய படத்தை எவனோ எடுத்துத் திரித்துப் பரப்பினால், திருடியவனைத் தேடுமுன் அவளுடைய படிப்பை நிறுத்துவோர் உளர். நகை களவு போன வீட்டில் நகை போட்டவளை அடிக்கும் நியாயம் இது. பிள்ளை இதனை அறிந்தே இருக்கிறாள். ஆகவே, அச்சுறுத்தல் வந்தாலும் வீட்டிற் சொல்லாது ஒளிக்கிறாள். மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அந்த மௌனமே. ‘என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், பள்ளிக்கூடம் நிற்காது’ என்று தாயும் தந்தையும் முன்கூட்டியே வாய்திறந்து சொல்லி வைத்தல் நூறு பூட்டுகளிலும் வலிது.

இவ்வளவு கண்டிப்புள்ள பெரியோர் தாம் என்ன செய்கின்றனர்? பெண் பெரியவளானதும் சாமத்தியச் சடங்கு வைக்கின்றோம். முன்னர் அது முற்றத்துப் பந்தலோடும் மாமன் மாமியரோடும் முடிந்த காரியம். படத்தொகுதி ஒன்று வரும். உறவினர் புரட்டிப் பார்த்து மூடிவைப்பர். இப்பொழுது தோட்டத்திலும் கடற்கரையிலும் பட்டுடுத்தி நிறுத்தி, சினிமாப் பாட்டுச் சேர்த்து, படங்களையும் குறும்படங்களையும் உலகத்தார் அனைவரும் காணத் திறந்துவிடுகின்றோம். படம் பிடித்த ஸ்ரூடியோவும் தன் தொழில் விளம்பரத்துக்காகத் தன் பக்கத்தில் இடுகின்றது. விலையிற் சிறிது குறைத்தால் பெற்றோரும் தலையசைக்கின்றனர். அறியாத ஆடவர் ஆயிரம் பேர் காண்பதற்கென்று பெற்ற மகளின் பூப்பை அறிவிக்கும் இவ்வழக்கத்தை எந்த மரபு நமக்குக் கற்பித்தது என்று எமக்கு விளங்கவில்லை.

இன்ஸ்டகிராமின் விதிப்படி 13 வயது நிரம்பாதோர் கணக்கு வைத்திருத்தல் ஆகாது. சடங்கு காணும் பிள்ளைகளுக்கு 11, 12 வயது. தன் பெயரில் ஒரு பக்கம் திறக்கும் வயது அவளுக்கு வருமுன்னரே, அவள் முகம் தந்தையின் பக்கத்திலும் சிற்றன்னையின் பக்கத்திலும் ஸ்ரூடியோக்காரரின் பக்கத்திலும் வந்துவிடுகின்றது. நாளை அவள் அதனை அழிக்க விரும்பினால், மூன்று பேரின் படலையிலும் போய் நின்று கேட்க வேண்டும். படத்தைத் தெரிந்தெடுக்கையில் சேலையின் நிறத்தைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். பாட்டைப் பற்றியும் கேட்டார்கள். இப்படத்தை யார் யார் பார்க்கலாம் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.