முதுகுக் குழியும் முன்ஜென்ம வினையும்

ஒரு குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்து தீர்ந்து, மறுபடியும் வருமேயானால் நம் மக்கள் சொல்லும் காரணம் என்ன? முன்ஜென்ம வினை என்பார்கள். அம்மன் குற்றம் என்பார்கள். கர்ப்பத்தில் கிரகணம் பட்டது என்பார்கள். மந்திரிப்பவனுக்குப் பணம் போகும். பெற்றவளுக்குப் பழி வரும். குழந்தையின் முதுகைத் திருப்பிப் பார்ப்பவர் மாத்திரம் இருக்கமாட்டார்.

கருவின் முதல் 28 நாட்களுக்குள், தட்டையாயிருக்கும் நரம்புப் பாகம் சுருண்டு குழாயாக மூடி, மேல்தோலினின்று பிரிந்துவிட வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் பிரியாமல் நின்றால், தோலிலிருந்து முதுகெலும்புக்குள் ஊசித்துவாரம் போன்ற ஒரு வழி தங்கிவிடலாம். வெளியே தெரிவது நடுமுதுகில் ஒரு சிறு குழி. சிலருக்கு அதன்மேல் மயிர்க்கற்றையோ சிவந்த மச்சமோ இருக்கும். தோலிலும் மலத்திலுமுள்ள கிருமிகள் அவ்வழியே புகுந்து மூளைச் சவ்வைப் பற்றுகின்றன. மருந்தினால் சுரம் தணிந்தாலும், கதவு திறந்தே கிடப்பதால் திருடன் திரும்பவும் வருகிறான். கதவைச் சாத்தாமல் திருஷ்டி கழித்தால் திருடன் போய்விடுவானா என்று கேட்கிறோம். அத்துவாரத்தைச் சத்திர சிகிச்சையால் அடியோடு எடுத்துவிடுவதே பரிகாரம்.

இச்சுரமெல்லாம் இதனாலேயே வருவதென்று நாம் சொல்லவில்லை. மறுபடியும் வந்தால் இதைத் தேடவேண்டும் என்கிறோம். பிட்டப் பிளவுக்குள் இருக்கும் சிறு குழி பெரும்பாலும் தீங்கற்றது. அதற்கு மேலே இருப்பதை வைத்தியரிடம் காட்டவேண்டும். அதில் ஊசி விட்டுப் பார்ப்பதும், எண்ணெய் ஊற்றுவதும், திருநீறு அடைப்பதும் ஆபத்து. சுரத்தோடு வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு கண்டாலும், கைக்குழந்தை பால் குடியாமல் உச்சிக்குழி புடைத்தாலும் அந்நேரமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இதே இனத்தைச் சேர்ந்த பெரிய குறை, முதுகெலும்பு பிளந்து நரம்பு வெளித்தெரியப் பிறப்பது. அதன் வழியாகவும் இச்சுரம் வரும். இவ்விதக் குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்களுக்குக் கர்ப்பத்திற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்துச் சோதித்ததில், அக்குறை திரும்ப வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்ததென்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991இல் வெளியிட்டது. முன்ஜென்ம வினையாயிருந்தால், அது ஒரு வைட்டமின் மாத்திரைக்குப் பயந்து ஓடுமா?

கர்ப்பம் தெரிய வரும்போது அந்த 28 நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. ஆதலால் பிள்ளை வேண்டுமென்று எண்ணும்போதே பெண்கள் தினம் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளவேண்டும். முன்பு இக்குறை கண்டவர்கள் வைத்தியர் சொல்லும் அதிக அளவைக் கொள்ளவேண்டும்.

தோழர்களே! பெற்றவளைப் பழிப்பதை நிறுத்துங்கள். குழந்தையின் ஜாதகத்தைப் பார்க்குமுன் அதன் முதுகைப் பாருங்கள்.