வாசிப்பும் வாய்மூடலும்

"இப்போது என்ன வாசிக்கிறீர்?" என்று வினவினால், நம்மவருள் ஒரு சாரார் பட்டியலொன்றை ஒப்புவிக்கின்றனர். அதிற் பாதி அவர்கள் சுவைத்தவையல்ல. சுவைத்ததாகக் காட்டிக்கொள்ள விரும்புபவை. உறக்கம் துறந்து வாசித்த நூலோ மறைக்கப்படுகின்றது. இம்மறைப்பினால் பெரிதும் நட்டமடைவது ஈழத்து நூலே. விளம்பரமற்ற அதற்கு வாசகனின் வாய்மொழியன்றி வேறு துணை யாது?

ஈழத்து நூலுக்கு வாசகர் இல்லையென்பது வீண்பேச்சு. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகின. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வன்னி மண்ணை வாசகர் முன் நிறுத்தியது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமே ஆயிற்று. 1977இன் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டது, அம்முயற்சியும் சோர்ந்தது. பழி முழுவதையும் இறக்குமதியின் தலையிற் சுமத்துவது வசதியான வாதம். சுவைத்த நூலைப் பிறர்க்குச் சொல்லாதிருக்குமாறு எந்தச் சட்டம் பணித்தது?

இன்று விலையென்ற சாக்கும் பெரும்பாலும் செல்லாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் பல்லாயிரம் இலவசமாகக் கிடக்கின்றன. டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தாமே சுமந்து விற்றார். சிற்றுண்டிச்சாலையில் தேநீரும் வடையுமாக அமரும் மாணவர், நேற்றிரவு தம்மை விழித்திருக்கச் செய்த நூலின் பெயரையேனும் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லட்டும்.