வாயைத் திறக்காமலே இங்கிலீஷ் வாத்தியார் ஆகலாம்!

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால் வழியில் ஹைகோர்ட் கிளை, அதைத் தாண்டி யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடை. 2004-ல் கிளை வந்தபோது சுற்றுவட்டாரத்துக்கே பெருமை. ஆனால் உள்ளே வாதமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில். தன் நிலத்து வழக்கில் என்ன தீர்ப்பு என்பதை வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் பலருக்குத் தெரியும். (கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்பது தனிச் சண்டை. நியாயமான சண்டை. அது ஜெயிக்கிற வரைக்கும்?)

ஆக, இந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் பந்தா இல்லை, தேவை. அதைச் சொல்லித்தரப் போகிறவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? கூத்து இங்கேதான்.

மூன்று வருஷம் பி.ஏ. இங்கிலீஷ்: ஷேக்ஸ்பியர், மில்டன், டிக்கன்ஸ். பிறகு பி.எட். (2015-ல் இருந்து இரண்டு வருஷம்). பிறகு டெட். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறவர்களுக்கான இரண்டாம் தாள் 150 மார்க். அதில் ஆங்கிலத்துக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 30! குழந்தை உளவியல் 30, தமிழ் 30. மீதி 60 மார்க்குக்கு கணக்கு-அறிவியல் அல்லது சமூக அறிவியல். ஆங்கிலம் நடத்தப் போகிறவர் அதைப் போல இரண்டு மடங்கு மார்க்குக்கு முகலாயர் வரலாறு படிக்கிறார். எல்லாம் கொள்குறி வகை. விடையைக் கறுப்பாக்கினால் போதும், ஒரு வாக்கியம்கூடப் பேசிக் காட்ட வேண்டியதில்லை.

பி.எட்.டில் டீச்சிங் பிராக்டிஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே பல வகுப்புகளில் நடப்பது என்ன? பாடத்தை வாசி, தமிழில் அர்த்தம் சொல், கேள்வி-பதிலை போர்டில் எழுதிப் போடு. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மணி அடித்துவிடும்.

வழி தெரியாத நாடா இது? 1950-களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரத் திட்டம் போட்டார்கள். பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று பனிப்பந்து மாதிரி உருட்டும் ஏற்பாடு. அதற்குப் பெயரே 'மெட்ராஸ் ஸ்னோபால்'. (மதுரை வெயிலில் பனிப்பந்து என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.) கைமாறக் கைமாற நீர்த்துப்போகும் என்பதுதான் இந்த மாதிரி ஏற்பாட்டின் பலவீனம்.

அதைவிட முக்கியமானவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலை கொடுத்துப் பார்த்தார். ஒரு வரைபடம், ஒரு ரயில் கால அட்டவணை. 'எந்த வண்டியில் போனால் சீக்கிரம் சேரலாம்?' என்று பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே யோசித்து விடை கண்டுபிடிக்க வேண்டும். இன்று உலகமெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படும் முறைக்கு இது முன்னோடி. நம் பக்கத்தில் பிறந்தது! ஒத்தக்கடைக்கு ரயில்கூட வேண்டாம், மேலூர் பஸ் டைமிங் போதும். அதை வைத்து ஒரு பீரியட் நடத்தத் தெரிகிறதா என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

வேலைக்கு எடுக்கும் முன் இருபது நிமிஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நிறுத்திப் பார்க்கட்டும். வாத்தியார் பேசியதை எண்ண வேண்டாம். பிள்ளைகள் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று எண்ணட்டும். செலவு, நேரம் என்று சாக்குச் சொல்வார்கள். போலீஸ் வேலைக்கு ஓடவிட்டுப் பார்க்கிறார்கள், டிரைவர் வேலைக்கு ஓட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதற்கெல்லாம் செலவே ஆகவில்லையா?