குதிரைக்கு மேலே ஒருவன்

பந்தயம் முடிந்ததும் வென்ற குதிரையின் பெயரே ஊர்வாயில் நிற்கிறது. அதைச் செலுத்தியவனின் பெயரைக் கேட்பவர் சிலரே. பெசி ஷ்ராஃப் 2004இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,751 வெற்றிகள் இருந்தன. அவற்றுள் 106 கிளாசிக் பந்தயங்கள். ஆயினும், பந்தயத் திடல் பக்கமே போகாத நம்மில் எத்தனை பேர் அவரை அறிவோம்?

குதிரைப் பந்தயம் சூதாட்டமே என்று கருதி 1974இல் தமிழக அரசு தடைச் சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றமோ, வெற்றியைத் தீர்மானிப்பவை குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் திறனுமே என்று கூறி, அதைத் திறன் சார்ந்த விளையாட்டாக ஏற்றது. பந்தயத்தால் நொடித்த குடும்பங்களை மறந்து அத்தீர்ப்பை நாம் கொண்டாடவில்லை. ஆனால், உயிரைப் பணயம் வைத்து உழைப்பவனின் திறமை வெறும் அதிர்ஷ்டமன்று என்ற அதன் உட்பொருளை மறுக்க இயலாது.

அந்த நியாயம் நம் சிவகாசி வட்டாரத்தை எட்டவில்லை. பட்டாசு பழுதின்றி வெடித்தால் புகழ் பெட்டியின் மேலுள்ள முத்திரைக்கு. விபத்து நேர்ந்தால், மருந்து அடைத்த கைகள் செய்தித்தாளில் ஓர் எண்ணிக்கை. பிழையின்றி அவை முடித்த நாட்களை எண்ணியவர் யார்? ஷ்ராஃபுக்கேனும் ஒரு வெற்றிக் கணக்கு உண்டு. தீபாவளி வெளிச்சத்தை ரசிக்கும் நாம், அதைச் செய்தவரின் திறனையும் அறிந்து போற்றுவதே முறை.